முந்நூறு பேர் பாடிய நடவுப் பாட்டு

வலது தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அந்தக் கை சட்டென்று நின்றுவிட்டது.

மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபம். மாநில இசை ஆசிரியர் சங்கத்தின் ஆண்டு மாநாடு, இரண்டாம் நாள் காலை. வெளியே மார்கழித் தூறல். உள்ளே ஈரக் குடை, மல்லிகைப் பூ, காப்பி எல்லாம் கலந்த ஒரு வாசனை. முந்நூறு பாட்டு வாத்தியார்களும் பாட்டு டீச்சர்களும் ஆளுக்கொரு சின்னப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, நான் வயலில் நின்று எடுத்துவந்த ஒரு நடவுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கைக்குச் சொந்தக்காரர் முன்வரிசை சோபாவில் இருந்தார். மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவர். பெரிய மிராசுதார். நல்ல ரசிகர் என்று பெயர். ஆறாவது அடி வந்ததும் கை நின்றது. பக்கத்திலிருந்தவரிடம் புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு எழுந்தார்.

அந்த வரிகளில் ஒரு மனிதன் ஒளிந்திருந்த இடம் இருந்தது. அவனைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இந்த மிராசுதாரின் ஆட்கள். அந்த வரிகளை அச்சுக்குக் கொடுத்த புண்ணியவதி நான்.

இது நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் வாழ்க்கையில் எல்லாமே வேடிக்கையாகத்தான் நடந்ததா?" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். இல்லையம்மா. இதைப் படியுங்கள்.

பாட்டு டீச்சர் என்றால் இளப்பம்

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், டிராயிங் மாஸ்டர், டிரில் மாஸ்டர், அப்புறம் நாங்கள். கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லையென்றால் பாட்டு பீரியடை எடுத்துக்கொள்வார். கேட்கக்கூட மாட்டார். சாக்பீஸோடு வந்து வாசலில் நிற்பார், நான் சுருதிப் பெட்டியை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டும். கலெக்டர் வந்தால் மட்டும் எங்கள் ஞாபகம் வரும். "டீச்சர், ஒரு வரவேற்புப் பாட்டு, சுருக்கமா!"

அதனால்தான் சங்கம் எங்களுக்கு உசிர். வருஷத்தில் அந்த இரண்டு நாள் நாங்களும் மனுஷர்கள். ஒருவர் பாடினால் முந்நூறு பேர் தலையாட்டுவார்கள். சாப்பாட்டுப் பந்தியில் கூட, "அந்த நிஷாதத்தை அப்படியா தொடுறது?" என்று சண்டை நடக்கும்.

நான் அப்போது சீர்காழிப் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. கல்யாணம் ஆகவில்லை. தனியாக ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஒரு தம்பூரா. வாய் ஜாஸ்தி, அதைவிடக் கர்வம் ஜாஸ்தி. என் காதுக்குத் தப்பி ஒரு ஸ்வரம் போய்விட முடியாது என்று நினைப்பு.

ஆண்டுக்கொரு பாட்டு

ஆட்சி மாறியிருந்த காலம். மேடையில் 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்திருந்தது. "பள்ளிக்கூடத்துல தமிழ்ப் பாட்டு எத்தனை சொல்லித் தர்றீங்க?" என்று மேலிடத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். தெலுங்குக் கீர்த்தனைகளையே பாடிப் பழகிய எங்கள் சங்கத்துக்கு உதறல் எடுத்துவிட்டது. கைகொடுத்தவர் செயலாளர் துரைசாமி சார். மெலிந்த உடம்பு, கணீர் என்ற குரல். ஊருக்கு ஊர் ஜனங்கள் பாடுகிற பாட்டை ஆசிரியர்கள் நேரில் கேட்டு ஸ்வரம் போட்டு அனுப்ப வேண்டும், அதைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஜில்லாவுக்கு ஒரு பாட்டு.

மாநாட்டின் இரண்டாம் நாள் காலை, அந்தப் புத்தகத்தை எல்லோரும் அங்கேயே முதன்முதலாகத் திறந்து, பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டும். முதலில் ஸ்வரம் மட்டும். பிறகு அதே மெட்டில் வார்த்தை, அதாவது சாகித்யம். ஒத்திகை கிடையாது. முந்நூறு பேரும் தடுமாறாமல் பாடிவிட்டால் ஸ்வரம் போட்டவருக்குக் கைத்தட்டு. தப்பு வந்தால் அவருக்குத் தலைகுனிவு. வேறு எந்தத் தொழிலில் இப்படியொரு பரீட்சை உண்டு, சொல்லுங்கள்?

எனக்கு அந்த வருஷம் கைத்தட்டு வேண்டும். வெறியே பிடித்திருந்தது.

அஞ்சலை

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மைலில் மேலக்கரை என்று ஒரு சிற்றூர். ஐப்பசியில் அங்கே தாளடி நடவு. ஞாயிற்றுக்கிழமை குடையும் நோட்டுமாகப் போய் வரப்பில் நின்றேன். முழங்கால் சேற்றில் ஏழு பெண்கள். முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தவள் அஞ்சலை. முப்பது வயதிருக்கும். குனிந்த தலை நிமிராமல் நாற்றைக் குத்திக்கொண்டே பாடினாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனந்தபைரவி மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு இடத்தில் காந்தாரம் கொஞ்சம் மேலே ஏறி, நின்று, ஆடிவிட்டு இறங்கியது. பத்து வருஷம் குருவிடம் அடிவாங்கிக் கற்றுக்கொண்ட எனக்கு அது வராது. இவள் சேற்றில் நின்றுகொண்டு அலட்சியமாகப் போடுகிறாள்!

நாலு ஞாயிறு போனேன். நோட்டில் ஸ்வரம் மட்டும் குறித்தேன். வார்த்தையை நான் கவனிக்கவே இல்லை. வார்த்தை யாருக்கு வேண்டும்? அந்தக் காந்தாரம் சரியாக எங்கே நிற்கிறது என்பதுதான் எனக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்தது.

ஐந்தாம் வாரம் வார்த்தை எழுதிக்கொள்ள அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் ராமையன் எனக்கு உட்காரச் சாக்கை உதறிப் போட்டுவிட்டு, பண்ணையின் பம்புசெட்டுக்குக் கிளம்பிப் போனார். பம்புசெட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அஞ்சலை அடி அடியாகச் சொன்னாள்.

நாத்துமுடி நனைஞ்சிருக்கு நடவு நடலாம் – ஏ பொண்ணே
நண்டுவளை பாத்துக் காலை எடுத்து வைக்கலாம்

கஞ்சிக் கலயம் தூக்கிக்கிட்டு எங்கே போறே – ஏ பொண்ணே
காளவாயி மேட்டுப் பக்கம் அங்கே போறேன்

செல்லக்கண்ணு பசி பொறுக்கான் என்ன செய்வேன் – ஏ பொண்ணே
சூளைக்குள்ள சோத்த வச்சுச் சொல்லி வருவேன்

எழுதிக்கொண்டே வந்த நான், "செல்லக்கண்ணு யாரு?" என்று கேட்டேன்.

"என் தம்பி டீச்சர்" என்றாள், குரலை இறக்கி.

புரட்டாசி அறுவடையில் பண்ணைக்கு வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார்கள். உள்ளூர் ஆட்கள் கொடியோடு வயலில் இறங்கி மறித்தார்கள். தள்ளுமுள்ளில் பண்ணைக் காரியஸ்தரின் மண்டை உடைந்தது. உடைத்தது யார் என்று தெரியாது. கொடியைப் பிடித்தவன் செல்லக்கண்ணு. கேஸ் அவன்மேல். போலீஸ் கையில் கிடைத்தால் ஜெயில். பண்ணை ஆட்கள் கையில் கிடைத்தால் என்னவாகும் என்பதை அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பழைய காளவாய், அதாவது செங்கல் சூளை. மழைக்காலத்தில் அங்கே வேலை கிடையாது, தை பிறக்கும்வரை ஆள் நடமாட்டம் இருக்காது. அவன் அதற்குள் இருந்தான்.

"இதையா வயல்ல பாடுறீங்க? காரியஸ்தர் வரப்புலயே நிக்கிறாரே!"

அஞ்சலை சிரித்தாள். "அவரு பாட்டையா கேக்குறாரு? சத்தம் வருதான்னுதான் பாக்குறாரு. பாட்டு நின்னாத்தான் திரும்புவாரு, கை நின்னுபோச்சுன்னு. நம்ம கஷ்டத்த நாம பாடிக்கிறோம், அவ்ளோதான்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், பாடுறது வேற. எழுதுறதுன்னா போலீஸ் டேசன்ல எழுதுற மாதிரி. அந்தப் பேரையும் எடத்தையும் மட்டும் மாத்திடுங்க. ஒங்கள நம்பித்தான் சொன்னேன்."

"கண்டிப்பா மாத்திடுறேன் அஞ்சலை" என்றேன்.

என் கர்வம்

பெயரை மாற்றினேன். 'செல்லக்கண்ணு' இருந்த இடத்தில் 'சின்னத்தம்பி'. அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இடத்தை மாற்ற உட்கார்ந்தபோதுதான் வம்பு. நான் நாலு ஞாயிறு வெயிலிலும் மழையிலும் நின்று பிடித்த அந்தக் காந்தாரம் 'காளவாயி' என்பதன் 'கா'வில்தான் நின்று ஆடியது. 'ஆத்தங்கரை' என்று போட்டுப் பாடினேன். அடுத்து வருகிற 'த்' அந்த ஆட்டத்தின் கழுத்தைப் பிடித்தது. 'தோப்பு' என்று போட்டேன், சப்பென்று போயிற்று. முந்நூறு பேர் முன்னால் அந்த ஒரு ஸ்வரம் சப்பென்று போவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. காளவாய் மாறாதபோது, சுலபமாக மாறக்கூடிய 'சூளை'யை மட்டும் மாற்றி என்ன பயன் என்று அதையும் விட்டுவிட்டேன்.

பெயர்தான் இல்லையே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊர் உலகத்தில் ஆயிரம் காளவாய். படிக்கப்போவது பாட்டு வாத்தியார்கள். பாடப்போவது ஐம்பது மைலுக்கு அப்பால், தஞ்சாவூரில். கவரை ஒட்டித் தபாலில் போட்டேன்.

ஒரு பெண் என்னை நம்பித் தன் தம்பியின் உசிரை என் நோட்டில் வைத்தாள். நான் அதைவிட ஒரு ஸ்வரத்தைப் பெரிதாக நினைத்தேன். இதை இப்படிப் பச்சையாக எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

சாகித்யம் வேண்டாம் சார்

மாநாட்டுக்கு மறுபடி வருவோம்.

எந்த ஊரில் மாநாடு நடந்தாலும் அந்த ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை வரவேற்புக் குழுத் தலைவராகப் போடுவது வழக்கம். மண்டபம், அரிசி, காய்கறி எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். தஞ்சாவூரில் பங்களா வைத்திருந்த இந்த மிராசுதாரை நான் அன்றுதான் முதலில் பார்க்கிறேன். என்னைக் கூப்பிட்டு, "நல்லா படிச்சு வாங்கம்மா" என்றார். படித்து முடித்தவள், சம்பளம் வாங்குகிறவள் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

எங்கள் ஜில்லாப் பாட்டின் முறை வந்ததும் துரைசாமி சார் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. நம்ம வரவேற்புக் குழுத் தலைவர் அவர்களுக்குச் சொந்தமான மேலக்கரைப் பண்ணையில, அவருடைய வயல்லயே எடுத்த பாட்டு இது. அதனாலதான் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தோம்!"

கைத்தட்டு மண்டபத்தைப் பிளந்தது. மிராசுதார் எழுந்து கும்பிட்டார்.

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பண்ணை, பண்ணை என்று ஐந்து வாரமாகக் கேட்டேனே, யார் பண்ணை என்று ஒரு தடவை கேட்டேனா? காரியஸ்தரைத்தான் எனக்குத் தெரியும். முதலாளி ஒருவர் எங்கோ இருப்பார் என்று கூடத் தோன்றவில்லையே!

அதற்குள் முந்நூறு குரல் ஸ்வரத்தை ஆரம்பித்துவிட்டது. தடுமாற்றம் இல்லை. அந்தக் காந்தாரம் வந்தபோது முந்நூறு பேரும் அதை ஆட்டிவிட்டு இறக்கினார்கள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. மிராசுதார் "பேஷ்!" என்று தொடையில் தட்டினார். ஸ்வரம் முடிந்தால் அடுத்து வார்த்தை. நடுவில் ஒரு நிமிஷம் இருந்தது.

மேடையில் துரைசாமி சாரிடம் ஓடினேன். "சார், சாகித்யம் வேணாம் சார். ஸ்வரத்தோட நிறுத்திடுங்க."

"ஏம்மா? ரொம்ப நல்லா போவுதே!"

"சார், அதுல ஒரு தப்பு இருக்கு சார்."

"எந்த ஸ்வரத்துல?"

"ஸ்வரத்துல இல்ல சார், வார்த்தையில. ஒரு ஆளு மாட்டிக்குவான் சார், தயவுசெஞ்சு நிறுத்துங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன், கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு. "மொதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் படபடப்பா இருக்கும். போயி உக்காருங்க" என்றார். கையை உயர்த்தினார். முந்நூறு பேரும், "நாத்துமுடி நனைஞ்சிருக்கு" என்று எடுத்தார்கள்.

மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். மயக்கம் போட்ட மாதிரி விழுந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? போய் உட்கார்ந்தேன். பெரியவர் உட்காரச் சொன்னால் உட்காருகிற பழக்கம். அந்தப் பழக்கத்தை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

கை நின்றதை முதலிலேயே சொன்னேன்.

அவர் எழுந்து நேராக மண்டபத்து ஆபீஸ் அறைக்குப் போனார். அங்கே டெலிபோன் இருந்தது. மேலக்கரைப் பண்ணையின் ரைஸ் மில்லிலும் ஒரு டெலிபோன் உண்டு என்று எனக்குத் தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் என் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

பஸ்

பாட்டு முடிந்து கைத்தட்டு இறங்குவதற்குள் நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். டிரங்க் கால் கிடைக்க மணிக்கணக்காகும் காலம் அது. அதுதான் என் ஒரே நம்பிக்கை. லைன் கிடைக்கக் கூடாது, கம்பி அறுந்து கிடக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

கும்பகோணத்தில் ஒரு பஸ் மாறினேன். மாயவரத்தில் இன்னொன்று. "கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்களேன்" என்று கண்டக்டரைக் கெஞ்சினேன்.

"ஆஸ்பத்திரியா டீச்சர்?" என்றார் அவர்.

"ஆமா" என்றேன்.

பாவம், அவர் டிரைவரிடம் போய்ச் சொன்னார். டிரைவரும் முடிந்தவரை ஓட்டினார். இரண்டு பக்கமும் தாளடிப் பயிர் பச்சைப்பசேலென்று தண்ணீரில் நின்றது. அஞ்சலை கைவைத்த பயிரும் இப்படித்தான் நிற்கும் என்று நினைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாலு மணிக்கு மேலக்கரை. காளவாய் மேட்டில் கூட்டம் நின்றது. யாரும் அழவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. சூளையின் வாய் இடிந்து கிடந்தது. செங்கல் பொடியில் சோற்றுப் பருக்கை. இழுத்துக்கொண்டு போன தடம் வரப்புவரை இருந்தது.

"மத்தியானம் வந்தானுவோ டீச்சர். பத்துப் பதினைஞ்சு பேரு. மூங்கி கழி" என்றாள் நடவுக்காரிகளில் ஒருத்தி. "ரெண்டு காலும் போச்சு. அப்பறந்தான் போலீசு ஜீப்பு வந்துச்சு. உசிரு இருக்குங்கறாங்க."

அஞ்சலை எங்கே என்று கேட்டேன். தெருப் பக்கம் கைகாட்டினாள்.

அஞ்சலை தன் வீட்டு வாசலில் நின்று, ராமையனின் வேட்டி, போர்வை, அரிக்கேன் விளக்கு ஒவ்வொன்றாகத் தெருவில் வீசிக்கொண்டிருந்தாள். ராமையன் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த எடம் என்னைத் தவுத்து ஆறு பொம்பளைக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். ஆறு பேரும் எங்கூடச் சேத்துல நிக்கிறவளுவோ. நீ ஒருத்தன்தானே பண்ணைச் சோறு திங்கிறே? எவ்ளோ குடுத்தான் சொல்லு!"

"நான் சொல்லலடி. புள்ளைங்க மேல ஆணை, நான் சொல்லல."

ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். வாயைத் திறந்து, 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மேல்ஸ்தாயியில் நிமிஷக் கணக்காக நிற்கிற குரல் எனக்கு. அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கழிகளும் அந்த ஜனங்களின் முகமும் என்னைப் பயமுறுத்திவிட்டன. அஞ்சலை என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் தோளில் விழுந்து அழுதாள். "பாத்தீங்களா டீச்சர்! கட்டினவனே காட்டிக் குடுத்துட்டானே!"

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

முதல் பரிசு

ராமையனைக் காப்பாற்ற ஒரு வழி தோன்றியது. துரைசாமி சாருக்குக் கடிதம் எழுதினேன். மாநாட்டில் இந்தப் பாட்டு பாடப்பட்டது, பாடும்போதே தலைவர் எழுந்து டெலிபோனுக்குப் போனார் என்று இரண்டு வரி சங்கத்தின் முத்திரையோடு எழுதிக் கொடுங்கள் சார், ஒரு குடும்பம் பிழைக்கும் என்று கெஞ்சியிருந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. தடித்த கவர். உள்ளே, அந்த வருஷத்துப் பாட்டுகளில் என்னுடையதற்கே முதல் பரிசு என்று ஒரு நற்சான்றிதழ், பூவேலை போட்ட ஓரத்தோடு. கூடவே ஒரு சீட்டு. 'தங்கள் பாடல் அடுத்த ஆண்டு பள்ளிகளுக்கான பாடல் தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. ஸ்வரக் குறிப்பில் பிழை ஏதும் இருந்தால் உடன் தெரிவிக்கவும்.' அவ்வளவுதான்.

சீட்டை நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஆளின் கால் ஒடிந்தது என்று எழுதியிருந்தேனே, அதற்கு ஒரு வார்த்தை இல்லையா? பயமா, மிராசுதாரின் அரிசியா, இல்லை நான் வார்த்தையைக் கேட்காத மாதிரி அவரும் என் கடிதத்தைப் படிக்கவில்லையா? தெரியவில்லை. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அன்று இரவுச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். சும்மா இருந்த வாயில் தானாக ஒரு வரி வந்தது. 'காவேரியின் மேட்டுப் பக்கம் அங்கே போறேன்.' அதே 'கா'. அடுத்து வாகாக ஒரு நெடில். காந்தாரம் ஜம்மென்று நின்று ஆடியது. காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு, தேவைப்பட்டபோது அந்த வார்த்தை தோன்றவில்லை! அரிசிச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுபடியும் மேலக்கரை

ஒன்பதாம் நாள் போனேன், கையில் புத்தகத்தோடு. இந்தத் தடவை வாயைத் திறக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அஞ்சலை ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "கால் சேந்துரும்னு டாக்டர் சொல்றாரு. கட்டையா போயிடுமாம்" என்றாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். பெயரை மாற்றியது, இடத்தை மாற்றாதது, எதற்காக மாற்றவில்லை என்பது, மாநாடு, முந்நூறு பேர், மிராசுதாரின் கை, டெலிபோன், எல்லாம். புத்தகத்தைப் பிரித்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். "ராமையன் ஒண்ணும் செய்யல அஞ்சலை. நான்தான். என்னை என்ன வேணா செய்."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"அன்னிக்கே வந்தீங்களே டீச்சர்" என்றாள் மெதுவாக. "அன்னிக்கு எங்கூட நின்னீங்க, என்னைத் தேத்துனீங்க. அன்னிக்கு இத சொல்லலியே?"

"பயந்துட்டேன் அஞ்சலை."

"யாருக்கு? எனக்கா?" லேசாகச் சிரித்தாள். "அந்த ஆளு ஒங்ககிட்ட வந்து அழுதுச்சா? எப்படியாவது வூட்டுல சேத்து வையுங்கன்னு கால்ல வுழுந்துச்சா?"

"இல்ல அஞ்சலை, சத்தியமா..."

"ஒரு பாட்டுல ஒரு வார்த்தைய மாத்த முடியலன்னு ஒரு ஆளோட காலு போச்சுன்னா, அத யாராவது நம்புவாங்களா டீச்சர்? நீங்க படிச்சவங்க. அவ்ளோ விவரமில்லாமலா இருப்பீங்க? கேட்டுக்கிட்டேன், மாத்திடுறேன்னு சொன்னீங்க. மாத்தியிருப்பீங்க." படிக்கத் தெரியாதவள், புத்தகத்தை மூடி என் கையில் வைத்தாள். "ஒங்களுக்கு நல்ல மனசு. அதுக்காக அவன் பண்ணுன பாவத்த நீங்க தூக்கிச் சொமக்க வேணாம்."

எவ்வளவோ சொன்னேன். அழுதேன். நான் அழ அழ, அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

வெளியே வந்தேன். வாய்க்கால் மதகில் ராமையன் உட்கார்ந்திருந்தார். துணி மூட்டை பக்கத்தில் இருந்தது. பம்புசெட்டு வேலையை அவரே விட்டுவிட்டாராம். நான் வருவதைப் பார்த்து எழுந்து நின்றார். நான் எதற்குப் போயிருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, முந்தின நாளே ஆளனுப்பிச் சொல்லியிருந்தேன்.

"நம்பிட்டாளா டீச்சர்?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவர் திட்டவில்லை. "நீங்க சரியா சொல்லியிருக்க மாட்டீங்க. இன்னொரு தரம் போயி நல்லா சொல்லுங்க டீச்சர். நான் இங்கனயே இருக்கேன்" என்றார்.

திரும்பிப் போனேன். அஞ்சலை படலைச் சாத்தியிருந்தாள். தட்டினேன். அஞ்சலை, அஞ்சலை என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"போங்க டீச்சர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவங்க நீங்க."